கீழ்வீட்டில் பால் பொங்கிய காலை

அத்தியாயம் பதினொன்று

எழுந்ததும் மோட்டார் போட்டேன். தொட்டி நிரம்பும்வரை மாடி அறைகளின் ஜன்னல்களைத் திறந்து வைத்தேன். ஏற்காட்டில் அறையைப் பூட்டிப் போட முடியாது. சில நாள் திறக்காமல் விட்டால் தலையணையில் பூஞ்சை பிடித்துவிடும். யாரும் படுக்காத கட்டிலின் விரிப்பை உருவி, உதறி, மறுபடி விரித்தேன். யாரும் துடைத்துக்கொள்ளாத துண்டுகளை மடித்து வைத்தேன். கீசரைப் போட்டு, வெந்நீர் வருகிறதா என்று கையை நீட்டிப் பார்த்து, அணைத்தேன். ஃபோனைப் பார்த்தேன். புக்கிங் இல்லை. பல் துலக்கினேன்.

என் மனைவி ஜீவா இருந்தபோது இதெல்லாம் அவள் வேலை. போன ஆனியில் காய்ச்சல் என்று சேலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். போனது காரில். வந்தது வேறு வண்டியில். அதற்குப் பிறகு நான் செய்கிறேன்.

எங்கள் வீடு வெள்ளக்கடைக்குப் போகிற வழியில், சாலையிலிருந்து கொஞ்சம் இறக்கத்தில் இருக்கிறது. அப்பா எஸ்டேட்டில் வேலை பார்த்து மிச்சம் பிடித்ததில் கீழ்வீட்டைக் கட்டினார். மாடி அறைகள் ஜீவாவின் யோசனை. பின்பக்கத்துச் சின்ன அறைகளில் அம்மாவும் நானும் இருக்கிறோம்.

கீழ்வீட்டில் முன்பு கனகாக்கா குடும்பம் குடியிருந்தது. அவர் இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு மாத வாடகையைச் சுற்றுலா வருகிறவர்கள் இரண்டு ராத்திரியில் தந்துவிடுவார்கள் என்று தெரிந்ததும் அவர்களைக் காலி செய்யச் சொன்னோம். எங்கள் தெருவில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். நர்ஸ், வாத்தியார், பஸ் கண்டக்டர் எல்லோரும் சேலத்துக்கு இறங்கிப் போனார்கள். தினமும் காலையில் பஸ்ஸில் ஏறி வந்து, மாலையில் இறங்கிப் போனார்கள்.

கார்த்திகை மழையில் மலைப்பாதை சரிந்தது. சீக்கிரமே மண்ணை அள்ளிவிட்டார்கள். ஆனால் சரிசெய்த பாதையை யாரும் வீடியோ எடுக்கவில்லை. சரிந்த வீடியோதான் இன்னும் சுற்றுகிறது. பெங்களூர்க்காரர்கள் வேறு மலைக்குப் போகிறார்கள், அல்லது எங்கும் போவதில்லை. வெளியூர்க்காரர்கள் கட்டிய வில்லாக்களின் கேட்டில் ‘விற்பனைக்கு’ என்று போர்டு தொங்குகிறது. வாங்க ஆள் இல்லை. மாத வாடகைக்குக் கேட்டால் தருவதும் இல்லை. மே மாதம் வரட்டும் என்கிறார்கள்.

ஊரில் பாதி வீடு காலி. குடியிருக்க வீடு இல்லை.

போன வாரம் நான் கனகாக்காவைக் கூப்பிட்டு, கீழ்வீட்டுக்குத் திரும்பி வந்துவிடச் சொன்னேன். அம்மாவிடமும் சொன்னேன். அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. “நல்ல நாள் பாத்துப் பால் காய்ச்சச் சொல்லு” என்றாள். அதை நான் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

இன்று அந்த நல்ல நாள். தை மாதத்து வெள்ளிக்கிழமை.

*

கனகாக்கா முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். கையில் புதுப் பாத்திரம், பால், சர்க்கரை, ஒரு சாமி படம். அவர் வீட்டுக்காரர் மணிகண்டன் சாமான்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டு பின்னால் வருகிறார்.

“ஏனுங் தம்பி, அடுப்பு எங்கீங்க? எல்லாத்தையும் மாத்திப் போட்டுட்டீங்க!”

காட்டினேன். அவர் சமையலறைக்குப் போகாமல் கூடத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே பெரிதாக இரண்டு இறக்கைகள் வரைந்திருக்கும்.

“இதென்னங்க செவுத்துல றெக்கை?”

“நடுவுல நின்னு போட்டோ எடுத்துக்குவாங்க்கா. பறக்கற மாதிரி இருக்கும்.”

“நா நின்னா கோழி மாதிரி இருக்கும்.”

“நின்னு பாரு கனகா, முட்ட வெக்கறயான்னு பாக்கலாம்” என்றாள் அம்மா, வாசலிலிருந்து.

இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மா சிரித்துப் பார்த்து நாளாகிவிட்டது. எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

பால் காய்ந்தது. கனகாக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நுரை எழுந்து, விளிம்பில் ஒரு கணம் நின்று, கிழக்குப் பக்கமாக வழிந்தது. அவர் கைகூப்பினார். கண் கலங்கியிருந்தது. உடனே துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

“ஊடு தேடி நா பட்ட பாடு இருக்குதே! மஞ்சக்குட்டை ரோட்டுல ஒருத்தரு சொல்றாரு, திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் இருந்துக்கங்க, வெள்ளிக்கெழமை சாயங்காலம் சாமானத்தையெல்லாம் ஒரு ரூம்புல போட்டுப் பூட்டிட்டுக் கெளம்பீருங்க, கெஸ்ட்டு வருவாங்கன்னு. நா கேட்டேன், ஏனுங்க, எம்புருசனையும் அதே ரூம்புல போட்டுப் பூட்டிட்டுப் போலாங்களான்னு.”

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. டம்ளர்களை எடுத்து வரிசையாக வைத்தாள்.

அப்போது ரஞ்சித் கூப்பிட்டான்.

ரஞ்சித் ஜீவாவின் தம்பி. சேலத்தில் செல்ஃபோன் கடை வைத்திருக்கிறான். ஜீவா போன பிறகு அவளுடைய புக்கிங் கணக்கை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். நான் அதைத் திறப்பதில்லை. திறந்தால் முதலில் அவள் படம் வரும்.

“மாமா! புக் ஆயிருச்சு மாமா! மேல, கீழ, மொத்த ஊடும். பத்துப் பேரு. ரெண்டு நைட்டு. பெங்களூர்ல இருந்து கெளம்பிட்டாங்க. மத்தியானமே வந்துருவாங்க!”

“கீழ்வீட்டை லிஸ்ட்டுல இருந்து எடுத்துவிடச் சொன்னேனே.”

“அத்தைதான மாமா மே வரைக்கும் இருக்கட்டும்னாங்க. நானும் ரேட்டக் கொறச்சு, நம்மளக் கேக்காமயே புக் ஆவற மாதிரி போட்டு உட்டேன். பாத்தீங்களா, வொர்க் ஆயிருச்சு!”

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் டம்ளர்களில் பாலை ஊற்றிக்கொண்டிருந்தாள். சிந்தாமல், அளவாக.

“ஏம்மா?”

“நானு பால் காய்ச்சத்தான சொன்னேன் கண்ணு? குடி வரச் சொல்லலையே.”

“ரெண்டும் ஒண்ணுதானே.”

“அதெப்புடி? இந்தத் தைய உட்டா அப்பறம் நல்ல நாளு சித்திரையிலதான். அப்பச் சீசன். காய்ச்சி வெச்சுட்டா நாள் நம்முளுதாயிருது. சேர்வராயன் கோயில் திருழா முடிஞ்சு, கூட்டமெல்லாம் எறங்குனதுக்கப்பறம் நிதானமாச் சாமானம் கொண்டாந்துக்கலாம். எல்லாத்துக்கும் நல்லதுதான?”

அம்மா ஏமாற்ற நினைக்கவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தாள். அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. ஏமாற்றியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

கனகாக்கா பாலைக் குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் திரும்பினார்.

“தங்கம்மாக்கா, எம்பட பாலு பொங்குன ஊட்டுல, நாலு மாசம் யார் யாரோ படுத்து எந்திரிச்சுட்டுப் போவாங்க. அதுக்கப்பறம் நா வந்து சோறாக்கோணும். அப்படித்தானுங்க?”

“அப்புடி இல்ல கனகா…”

“சாமானத்த ஏத்துனதும் சேலத்து ஊட்டுச் சாவியக் குடுத்துரச் சொல்லிட்டு வந்தேனுங்க. அங்க நாளைக்கே வேற ஆளு வராங்க.”

அம்மா உட்கார்ந்துவிட்டாள். இதை அவள் யோசித்திருக்கவில்லை.

*

புக்கிங் கம்பெனிக்கு ஃபோன் செய்தேன். நெடுநேரம் மெஷின் பேசியது. ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது. பிறகு ஒரு பெண் வந்தாள்.

“ஜீவா மேடம் இருக்காங்களா சார்?”

“நான் அவங்க கணவர். ஒரு புக்கிங்கை ரத்து செய்யணும்.”

“அக்கவுண்ட் அவங்க பேர்ல இருக்கு சார். அவங்கதான் பேசணும்.”

“அவங்க இல்லை.”

“எப்ப வருவாங்க சார்?”

ஃபோனை வைத்துவிட்டேன்.

அடுத்து பக்கத்து வில்லாவுக்குப் போனேன். அங்கே வாட்ச்மேனாக இருக்கும் ஜோஸ்வா, வாசலில் விழுந்த சில்வர் ஓக் இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தான். மழைக்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவர்கூடத் தங்கவில்லை. எங்களுக்கு வந்த பத்துப் பேரை அங்கே தங்கவைக்க முடியுமா என்று கேட்டேன். பெங்களூரில் இருக்கும் முதலாளிக்கு என் எதிரிலேயே ஃபோன் போட்டான். சரிங்க சார், சரிங்க சார் என்று கேட்டுக்கொண்டான்.

“அந்த ரேட்டுக்கு வேண்டாங்கறாருங்கண்ணா.”

“காலியாத்தானே கெடக்கு?”

“கெடந்தாக் கெடக்கட்டுங்கறாரு. ஒருக்கா ரேட்டு எறங்குச்சுன்னா விக்கறப்ப ஊட்டு வெலையும் எறங்கிருமாமுங்க.” துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தான். “எனக்கு என்னங்க, தெனமும் எல இருக்குது, கூட்டறேன்.”

வருகிறவர்களையே கூப்பிட்டேன். காரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் பேசினார்.

“சார், நாங்க கிருஷ்ணகிரி தாண்டியாச்சு. இப்ப வந்து இல்லைன்னா எப்படி? பத்துப் பேர் வரோம்.”

“மாடி மட்டும் தர்றேன் சார். மீதிப் பேருக்கு வேற இடம் பார்த்துத் தர்றேன்.”

“எல்லாரும் ஒண்ணா இருக்கத்தான் சார் வீடா எடுத்தோம். கன்ஃபர்ம் ஆகியிருக்கு. ஜீவா மேடம்கூட இப்பத்தான் மெசேஜ் போட்டாங்க, வெல்கம், உங்களுக்காகக் காத்திருக்கேன்னு.”

அது தானாகப் போகிற மெசேஜ். அவள் இரண்டு வருடங்களுக்கு முன் எழுதி வைத்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

*

மதியத்துக்குள் பனி இறங்கிவிட்டது. டெம்போவின் விளக்குதான் முதலில் தெரிந்தது. பிறகு மணிகண்டன். பீரோ, கட்டில், குக்கர், சுருட்டிய மெத்தை, மேலே கவிழ்த்துக் கட்டிய பிளாஸ்டிக் நாற்காலிகள். எல்லாவற்றின் மேலும் ஒரு தார்ப்பாய். அவர் இறங்கிக் கயிற்றை அவிழ்க்கப் போனார். கனகாக்கா கை காட்டி நிறுத்தினார்.

ரஞ்சித்தும் வந்து சேர்ந்தான். கடையைப் பூட்டிவிட்டு பைக்கில் வந்திருந்தான். ஜாக்கெட் நனைந்திருந்தது. அவனைக் குறை சொல்லவும் முடியவில்லை. மாடி கட்ட வாங்கிய லோனுக்கு அவனும் கையெழுத்துப் போட்டவன். பேங்கிலிருந்து அவனுக்கும் ஃபோன் வருகிறது.

“கேன்சல் மட்டும் பண்ணீராதீங்க மாமா. நம்மளே கேன்சல் பண்ணா லிஸ்ட்டுல கீழ தள்ளீருவான். சீசன்ல நம்ம ஊடு எங்கியோ பத்தாவது பக்கத்துல கெடக்கும். யாரு பாப்பா?”

“பார்க்காட்டிப் போகட்டும்.”

“அக்கா வாங்குன ஸ்டாரு மாமா அது. எத்தன பேருக்கு டீ போட்டு, மொளகா பஜ்ஜி போட்டு, வழியனுப்பி வாங்குனது! கணக்கு அக்கா பேர்லதான இருக்குது? கேன்சல்னா அது பேருதான கெட்டுப்போவும்?”

அவன் கனகாக்கா பக்கம் திரும்பினான்.

“அக்கா, கோச்சுக்காதீங்க. ரெண்டே நாளு. சாமானம் வண்டியிலயே இருக்கட்டும், நா ஆளு போட்டுப் பாத்துக்கறேன். நீங்க எங்கூட்டுல வந்து தங்கிக்கங்க. ஞாயித்துக்கெழமை எறக்கிக்கலாம். அப்பறம் வெள்ளிக்கெழமை மட்டும்…”

நிறுத்திவிட்டான்.

“வெள்ளிக்கெழமை மட்டும்?” என்றார் கனகாக்கா. “சொல்லு கண்ணு. எம்புருசன எந்த ரூம்புல போட்டுப் பூட்டறது?”

மணிகண்டனுக்கு ஒன்றும் புரியவில்லை. “என்னைய எதுக்குப் பூட்டறீங்க?” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

“எறக்குங்கண்ணா” என்றேன் அவரிடம். “நான் பார்த்துக்கறேன்.”

“என்னத்தப் பாத்துக்கற?” அம்மா எழுந்து வந்தாள். “என்னத்தப் பாத்துக்கற நீயி? மாசக்கணக்காக் கட்டிலு மெத்தைய உதறிட்டு இருக்கற. ஒரு வார்த்த பேசறதில்ல. ஒரு புக்கிங்கு வந்துருக்குது, அதையும் திருப்பி அனுப்பறங்கற. அந்தப் புள்ள சாகறப்ப என்ன சொல்லிட்டுப் போச்சு? இந்த ஊட்ட உட்டுறாதீங்க, நடத்துங்கன்னு சொல்லிட்டுத்தான போச்சு? காதுல கேட்டவன் நீதான?”

“ஆமா மாமா” என்றான் ரஞ்சித், தணிந்த குரலில். “அதுக்குத்தான் மாமா நா இத்தனை பண்றது.”

அந்த வாக்கியம் துக்க வீட்டில் பிறந்தது. யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது. பால் தெளிக்கிற அன்று யாரோ, அவள் மனசில் அப்படித்தான் இருந்திருக்கும் என்றார்கள். காரியத்தன்று அப்படித்தான் சொன்னாளாம் என்றார்கள். அப்புறம் அது ஜீவாவின் வாக்கியமாகவே ஆகிவிட்டது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர்கூட ஒருநாள் வழியில் நிறுத்தி அதை என்னிடமே சொன்னார். ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் இருந்தது நான் மட்டும்தான். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

கனகாக்கா டெம்போவின் படியில் உட்கார்ந்தார். கோபமெல்லாம் போய்விட்டிருந்தது.

“இது எனக்குத் தெரியாதே” என்றார்.

பனியில் டெம்போவின் என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“தம்பி, அந்தப் புள்ள மேல எனக்குக் கோவம் இருந்துச்சு. இல்லீன்னு சொல்ல மாட்டேன். எங்களக் காலி பண்ணச் சொல்லி வந்தது அதுதான். ஆனா அழுதுட்டே வந்து சொல்லுச்சு. போறப்ப எங்கூடவே சாமானம் தூக்குச்சு. சாகறப்ப வாய் தொறந்து அப்புடி ஒரு வார்த்த சொல்லியிருந்துச்சுன்னா, நா வண்டியத் திருப்பிக்கறேன். அதோட வார்த்தைய முறிச்சுப்போட்டு அந்த ஊட்டுல நா அடுப்புப் பத்த வெக்க மாட்டேன்.”

“கனகா, திரும்பி எங்க போறது?” என்றார் மணிகண்டன்.

“பேசாம இருங்க.” அவர் என்னைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “நெசமா அப்புடிச் சொல்லுச்சுங்களா தம்பி?”

என் ஃபோன் அடித்தது. பெங்களூர்க்காரர். மலை ஏறியிருப்பார்கள். வழி கேட்பார்கள். அது அடித்து நின்றது. மறுபடி அடித்தது. ரஞ்சித் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இல்லைங்க்கா” என்றேன். “சொல்லலை.”

“என்ன கண்ணு பேசற நீயி?” என்றாள் அம்மா.

“அவ அப்படிச் சொல்லலைம்மா.”

“அப்ப என்னதான் சொன்னா?”

ரஞ்சித் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றிருந்தான். அதை இப்போதுதான் கழற்றினான்.

ஜீவாவுக்குக் காய்ச்சல் வந்த வாரம் முழுக்க மாடியும் கீழ்வீடும் நிரம்பியிருந்தன. காய்ச்சலோடுதான் விரிப்புகளைத் துவைத்துப் போட்டாள். ஆஸ்பத்திரிக்கு வருகிற வழியில்கூட இரண்டு பேருக்கு வழி சொன்னாள். பெட்டில் படுக்கவைத்த பிறகு ஃபோனை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. மதியம் கண் திறந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த ஃபோனைப் பார்த்துத்தான் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் எதுவும் பேசவில்லை.

அவள் சொன்னதை, அவள் சொன்ன மாதிரியே, அவர்களிடம் சொன்னேன்.

“ஏனுங்க, நாளைக்குச் செக்-இன் ஒண்ணும் இல்லீங்களே? அப்ப நா கொஞ்ச நேரம் தூங்கிக்கறேன்.”